ஊசி நிற்கட்டும், துணி நடக்கட்டும்

பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியிலிருந்து வந்த சாமான் பட்டியலில் ‘ஸோகின் – 2’ என்று ஒரு வரி இருந்தது. என்னவென்று தேடினால், தரை துடைக்கும் துணி. ஜப்பானில் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்க வேண்டும். அதற்கான துணியைப் பழைய துவாலையை மடித்து வீட்டில் தைத்துக் கொடுத்தனுப்புவது வழக்கம். கடையில் தைத்தே விற்கிறார்கள், நிறையப் பேர் அதைத்தான் வாங்கி அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. டோக்கியோவில் நிஷிகசாய்க்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பழைய துவாலை, கறுப்பு நூல், கையில் இருந்த சாதா ஊசி. உட்கார்ந்து தைத்தேன்.

தைக்கத் தெரியாதவள் இல்லை நான். சென்னிமலைப் பக்கம் தறிக்காரர் வீடு எங்களுடையது. பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பது, கிழிந்ததைச் சேர்ப்பது எல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே கைவந்துவிட்டது. அம்மா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: நூலை நன்றாக இழுத்து முடிச்சுப் போடு, இல்லாவிட்டால் பிரிந்துகொள்ளும். அப்படியே இழுத்து இழுத்துத் தைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் துவாலை பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டு நின்றது.

இரண்டாவதை ஆரம்பித்திருந்தபோது கீழ்வீட்டு அம்மா வந்தார். இங்கே அக்கம்பக்கத்துச் செய்திகளை ஓர் அட்டையில் சொருகி வீடுவீடாகக் கைமாற்றுவார்கள். அதைக் கொடுக்க வந்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் முதல் துணியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ‘கொஞ்சம் கொடுங்களேன்’ என்று இரண்டாவதை வாங்கி, வாசல்படியிலேயே உட்கார்ந்து, நான் போட்டிருந்த இரண்டு வரியையும் பிரித்து எறிந்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். ஒரே மூச்சில் ஊசியில் பத்துப் பன்னிரண்டு தையலை ஏற்றினார். நூலை இழுத்தார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் துணியை விரித்து விரித்து நீவிவிட்டார். பத்து நிமிடத்தில் பாதித் துணி முடிந்துவிட்டது. மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் சாஷிகோ சொல்லித் தருகிறார்கள், வாருங்கள் என்றார்.

சாஷிகோ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சின்னக் குத்துகள்’. பார்க்கப்போனால் நம் ஓடு தையல்தான். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவே. இதைப் போய் ஒரு வகுப்பு வைத்துக் கற்றுக்கொள்வார்களா என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் நூலே தரவில்லை. கோக்காத ஊசியும் ஒரு முழத் துணியும் கொடுத்து, இரண்டு மணி நேரம் அதையே ஓட்டச் சொன்னார் சென்செய், அதாவது ஆசிரியர். நடுவிரலின் அடிப்பகுதியில் ஒரு வளையம் மாட்டிக்கொள்ள வேண்டும். தோலில் செய்தது, உள்ளங்கைப் பக்கம் நாணயம் போல வட்டமான தகடு இருக்கும். ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தகட்டில் முட்டி நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியின் முனைக்குப் பக்கத்தில் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது ஊசி மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது, அசைய வழியில்லை. அசைய வேண்டியது துணி. இடக்கை துணியை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆட்டும். வலக்கை அதற்கு எதிராக ஆடும். துணி தானாகவே ஊசிமேல் மடிந்து மடிந்து ஏறும். பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கிக்கொண்டு ஏறுமே, அதே மாதிரி.

இதற்கு ஊன்ஷின் என்று பெயர், ஊசியோட்டம் என்று சொல்லலாம். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இது கைக்கு வர ஏழு வாரம் ஆனது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் குத்தி, இழுத்து, குத்தி, இழுத்துப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சென்செய் பக்கத்தில் வந்து என் வலக்கை மணிக்கட்டைத் தொட்டு, ‘இது தூங்கட்டும்’ என்பார். தூங்காது. வகுப்பில் சேர்ந்த ஒரே வெளிநாட்டுக்காரி என்பதால் என்னவோ, எல்லோரும் என் கையையே பார்ப்பதுபோல் இருக்கும். அது இன்னும் இறுக்கும்.

ஏன் இப்படித் தைக்க வேண்டும் என்பது நூல் கோத்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வொன்றாகக் குத்தி இழுத்தால் ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு இறுக்கத்தில் அமையும், வரியும் வளையும். ஊசிமேல் எட்டுப் பத்துத் தையலை ஏற்றி ஒரேயடியாக இழுத்தால் நூல் நேர்க்கோட்டில் ஓடும். இழுத்ததும் துணி சுருங்கி நிற்கும். அப்போதுதான் அந்த நீவல். தொடங்கிய இடத்திலிருந்து முனைவரை கட்டைவிரலால் அழுத்தித் துணியை விரித்துக்கொண்டே வர வேண்டும். நூல் துணிக்குள் தளர்ந்து உட்காரும். இறுக்கத்தை நாம் முடிவு செய்வதில்லை. துணி தனக்கு எவ்வளவு நூல் வேண்டுமோ அவ்வளவை எடுத்துக்கொள்கிறது.

வரி முடிந்து திரும்பும் இடத்தில் பின்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நூலைத் தளர்வாக விட வேண்டும். நான் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அம்மாவிடம் தைத்திருந்தால் இந்தத் தொங்கலுக்கு முதுகில் ஒன்று விழுந்திருக்கும். ஆனால் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், நூலும் சுருங்கும், இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. தளர்வு விட்டிருந்தால் அந்த வித்தியாசம் அதற்குள் அடங்கிப்போகும். விடாவிட்டால் மூலைக்கு மூலை சுருக்கம் விழும். இஸ்திரி போட்டாலும் போகாது.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. சாஷிகோ நூல் முறுக்குக் குறைந்த பருத்தி நூல், பளபளப்பு இருக்காது. பூவேலை செய்யும் ஆறு இழை நூலைப் போல இதைப் பிரித்துப் பயன்படுத்தக் கூடாது, அப்படியே முழுசாகக் கோக்க வேண்டும். பூவேலை நூலில் தைக்க முடியாதா என்றால் முடியும். ஆனால் அது பளபளக்கும், சாஷிகோவுக்கு அந்த மினுக்கு ஒட்டாது. சிட்டமாக, அதாவது கற்றையாக விற்கிறார்கள். வாங்கியதும் ஆர்வத்தில் முனையைப் பிடித்து இழுத்தீர்களானால் ஒரு மணி நேரச் சிக்கல் எடுக்கும் வேலை காத்திருக்கிறது. சிட்டத்தை விரித்து, ஓர் இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி, தளர்வாகச் சடை பின்னித் தொங்கவிட வேண்டும். வேண்டும்போது மேலிருந்து ஒரு இழையை உருவிக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் இந்தச் சடையைப் பின்னுவதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை.

ஊசி நீளமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், காது பெரிதாக. வளையும் ஊசியில் பத்துத் தையல் ஏறாது. வேறு செலவு இல்லை. பூவேலைக்கு மாட்டும் வட்டச் சட்டம் இதற்கு ஆகவே ஆகாது. துணி மடிந்து ஏற வேண்டுமே, சட்டத்தில் மாட்டினால் எப்படி ஏறும்?

முதலில் தைப்பது ஃபுகின், அதாவது பாத்திரம் துடைக்கும் துணி. சராஷி என்கிற சன்னமான வெள்ளைப் பருத்தியை இரண்டாக மடித்தால் சுமார் 34 சென்டிமீட்டர் சதுரம் வரும். அதன்மேல் கோலம். கோலம் என்று நானாகத்தான் சொல்கிறேன், ஆனால் கட்டம் போட்டுக் கோடுகளை அதில் ஓடவிடுவதைப் பார்த்தபோது வேறு சொல் வாயில் வரவில்லை. இரண்டு வகை உண்டு. ஒன்று, வரைந்த கோட்டின்மேல் தையல் ஓடுவது: ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வட்டங்கள் கொண்ட ஷிப்போ, அலைபோன்ற செய்கைஹா, ஆறு முனை நட்சத்திரமான ஆசாநோஹா. இன்னொன்று, ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்டு ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் வீதம் முதலில் எல்லாக் குறுக்கு வரிகளையும், பிறகு எல்லா நெடுக்கு வரிகளையும் தைப்பது. இந்த இரண்டாவது வகையில் பாதிவரை என்ன வரப்போகிறது என்றே தெரியாது. நெடுக்கு வரி விழ விழ, காக்கி நோ ஹானா என்கிற சீமைப் பனிச்சைப் பூ ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்த நிமிடத்துக்காகவே நான் நாலு ஃபுகின் தைத்தேன். பாத்திரம் துடைக்க மனசு வராமல் நாலும் அலமாரியில் கிடந்தன. கீழ்வீட்டு அம்மா கேட்டால் கோபித்துக்கொள்வார். துடைக்கத் துடைக்கத்தான் துணி மெத்தென்று ஆகும் என்பது அவர் கட்சி.

கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கோடுகள் சந்திக்கும் மையத்தில் தையல்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆசாநோஹாவில் பன்னிரண்டு கோடுகள் ஒரு புள்ளிக்கு வருகின்றன. எல்லாவற்றையும் அந்தப் புள்ளியிலேயே குத்தினால் அங்கே ஒரு முண்டு எழும்பும், துணியும் ஓட்டையாகும். அந்தப் புள்ளியில் முன்பக்கம் வெற்றிடம் விட்டு, சுற்றிலும் தையல்கள் எட்டி நிற்க வேண்டும். மூலை மட்டும் விலக்கு. கோடு திரும்பும் மூலையில் ஊசி சரியாக அந்த முனையிலேயே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கூர்மை போய்விடும். தையல் அரிசி மணி அளவு இருந்தால் நன்று; முன்பக்கம் மூன்று பங்கு, பின்பக்கம் இரண்டு பங்கு. ஃபுகினுக்கு முடிச்சே கிடையாது. தொடங்கும்போது நாலு தையல் முன்னே தள்ளிக் குத்தி, தொடக்கத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி அதே தையல்மேலேயே முன்னோக்கித் தைத்தால் நூல் தானே மாட்டிக்கொள்ளும். முடிக்கும்போதும் அப்படியே.

இவ்வளவும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு நான் செய்த பெரிய காரியம், ஒரு தோழிக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்த சந்தன நிற மேசை விரிப்பைப் பாழாக்கியது. தேயிலை டப்பா மூடியை வைத்து நீலப் பேனாவால் வட்டம் வட்டமாக வரைந்தேன். தண்ணீர் பட்டால் மறையும் பேனா. மூன்று வாரம் தைத்தேன். சுருக்கமில்லாமல் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பலாமே என்று துவைப்பதற்கு முன்பே இஸ்திரி போட்டேன். அவ்வளவுதான். சூடு பட்டதும் அந்தக் கோடு துணியிலேயே தங்கிவிட்டது. ஊறவைத்தேன், தேய்த்தேன், சோப்பு மாற்றினேன். வெள்ளைத் தையலுக்குப் பக்கத்திலேயே பழுப்பேறிய கோடு, துணை வந்தவள் மாதிரி கூடவே ஓடுகிறது. அந்த விரிப்பு இப்போது எங்கள் அரிசி டப்பாவை மூடிக்கொண்டிருக்கிறது. ஆகவே: முதலில் தண்ணீர், பிறகுதான் சூடு. சூட்டில் மறையும் பேனாக்களை நம்பி இறங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். நீலத் துணியாக இருந்தால் வெள்ளைச் சாக்குப் பென்சில் போதும். தைக்கத் தைக்கத் தானே உதிர்ந்துவிடும்.

நீலத் துணி என்றதும் இன்னொன்று. அவுரிச் சாயம் போட்ட துணி வாங்கினால் அன்றே தைக்க உட்காராதீர்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, காயவைத்து, அப்புறம் தொடுங்கள். நான் அலசவில்லை. வெள்ளை நூல் முதல் சலவையில் ஆகாய நீலமானது. அதுவும் அழகுதான் என்று சென்செய் சொன்னார். என்னைத் தேற்றச் சொன்னதா, நிஜமாகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒட்டுப்போடும் வேலைக்கு வந்தது அதற்கப்புறம். வீட்டுக்காரருடைய ஜீன்ஸ் முழங்காலில் போய்விட்டது. ஓட்டை எவ்வளவோ அதைவிடக் கொஞ்சமே பெரிதாக ஒட்டுத்துணி வெட்டி, உள்ளே வைத்து, சுற்றிலும் அழகாக ஜூஜி, அதாவது கூட்டல் குறி மாதிரித் தைத்தேன். இரண்டே வாரம். ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டைச் சுற்றி, என் தையல் முடிந்த கோட்டிலேயே கத்திரித்தாற்போல் துணி கிழிந்துபோனது. ஓட்டை விழுந்த இடம் மட்டும் நைந்திருக்கவில்லை, அதைச் சுற்றிலும் நைந்துதான் இருந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நைந்த துணிமேல் ஒரே நேர்க்கோட்டில் தையலை நிறுத்தினால், தபால் தலைக்கு ஓட்டை போட்டுக் கொடுத்த மாதிரி, அந்த வரியே கிழிய வழி சொல்லிவிடுகிறது.

இரண்டாம் முறை தடித்த ஜீன்ஸ் துண்டையே ஒட்டாக வைத்தேன். முட்டி மடங்கவில்லை. ‘படியேறும்போது யாரோ காலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது’ என்றார். மூன்றாம் முறைதான் ஒழுங்காக அமைந்தது. பழைய யுகாத்தாத் துணி (கோடையில் உடுத்தும் பருத்திக் கிமோனோ), துவைத்துத் துவைத்து மெலிந்தது, இரண்டு மடிப்பு. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நல்ல துணிவரைக்கும் போகும்படி வெட்டினேன். பிசிறை மட்டும் நறுக்கிவிட்டு, ஓட்டையின் ஓரத்தை அப்படியே விட்டேன். முதலில் பெரிய பெரிய தையலாக ஒட்டை இருத்தி வைத்துவிட வேண்டும். குண்டூசியை நம்பினால் தொடையில் குத்து வாங்கியே தீருவீர்கள். ஜீன்ஸ் காலுக்குள் ஒரு அட்டையைச் செருகிக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்துவிடும் அசட்டுத்தனம் நடக்காது. குழாய் மாதிரியான காலுக்குள் ஊன்ஷின் எல்லாம் நடக்காது, இரண்டு மூன்று தையலாகத்தான் போக முடியும். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு நீளத்தில், ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று மேடுபள்ளமாக முடித்தேன். நீளும் துணியாக இருந்ததால் திருப்பத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தளர்வு விட்டேன். அந்த ஜீன்ஸை அவர் இரண்டு குளிர்காலம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீடியோவில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். ‘ஏஞ்சாமி, மாப்பிள்ளைக்கு ஒரு பேண்ட் எடுத்துக் குடுக்கவா வழியில்லாம இருக்கீங்க? நான் வேணா பணம் போட்டுவிடட்டுமா?’ இது அலங்காரம்மா என்றேன். ‘ஒட்டு ஒட்டுத்தான் கண்ணு. வெள்ளை நூல்ல போட்டா மட்டும் பட்டாயிடுமா?’ என்றாள். எங்கள் வீட்டில் ஒட்டுப்போடுவது என்றால் அதே நிறத்து நூல் தேடி, யார் கண்ணிலும் படாதபடி தைப்பது. கிழிந்தது உடுத்தினால் தரித்திரம் என்று சொல்லி வளர்த்தவள் அவள். அவளுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை.

கொஞ்சம் பதில் வேறெங்கோ கிடைத்தது. டோக்கியோவிலேயே யோத்ஸுயாவில் தீயணைப்பு அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. பையனுக்கு ஹெலிகாப்டர் பார்க்க வேண்டும் என்று போனோம். அவன் அதில் தொத்திக்கொண்டிருக்க, நான் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) காலத்துத் தீயணைப்பு வீரர்களின் கோட்டின் முன்னால் நின்றுவிட்டேன். பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து நெருக்கமாகச் சாஷிகோ போட்டது. அதைத் தண்ணீரில் முக்கி, கனக்கக் கனக்க உடுத்திக்கொண்டு நெருப்புக்குள் போவார்களாம். வெளிப்பக்கம் சாதா, உட்பக்கம் டிராகனும் வீரர்களுமாகச் சித்திரம். தீயை அணைத்தபின் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பார்கள். மரவீடுகள் நெருங்கிய ஊர். 1657-இல் ஒரு தீயில் எடோவின் பெரும்பகுதி சாம்பலானது. அங்கே ஓடு தையல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் வேலை.

வடக்கே அது குளிரைத் தடுக்கும் வேலை. அவோமோரிப் பக்கம் பருத்தி விளையாது, அவ்வளவு குளிர். சுகாரு பகுதியை ஆண்டவர்கள் 1724-இல் போட்ட சிக்கன ஆணைப்படி விவசாயிகள் பருத்தி உடுத்தவும் கூடாது. அவர்களுக்கு விதிக்கப்பட்டது ஆசா என்கிற நார்த்துணி. (கஞ்சாச் செடியின் நார்தான். ஆசாநோஹா என்றால் அதன் இலை. சில மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நேராக வளரும் செடி என்பதால் அந்தக் கோலத்தைக் குழந்தைச் சட்டைக்குப் போடுவார்கள்.) நார்த்துணியின் இடைவெளியில் காற்று புகுந்து அடிக்கும். அந்த இடைவெளிகளை நூலால் அடைத்தார்கள் பெண்கள். முதலில் நார் நூலாலேயே; பருத்தி நூல் கைக்கு எட்டியபின் நீலத் துணியில் வெள்ளை நூலால். அதுதான் கோகின். பனி மூடிய மாதங்களில் உட்கார்ந்து பாவு இழையை, அதாவது நெடுக்கு இழையை, ஒற்றைப்படையாக எண்ணி, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஊசியை நுழைப்பார்கள். பக்கத்து நன்பு பகுதியில் இரட்டைப்படையாக எண்ணுவார்கள். அதனாலேயே சுகாருவின் சாய்சதுரம் நெட்டையாகவும் நன்புவினது அகலமாகவும் விழுகிறது. வெள்ளை அழுக்கேறிப் போனால் முழு உடையையும் நீலத்தில் முக்கி மறுபடி உடுத்துவார்கள்.

பருத்தித் துணி கொஞ்சம் கொஞ்சமாக வந்ததும் கந்தையாகத்தான். ஒசாகா பக்கம் உடுத்தி ஓய்ந்த துணிகள் கித்தாமாயே என்ற சரக்குக் கப்பல்களில் ஏறி வடக்கே போயின. அந்தத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, தலைமுறை தலைமுறையாக ஒட்டி வைத்ததுதான் போரோ. சொல்லுக்கே கந்தை என்றுதான் பொருள். தனாகா சூஸாபுரோ என்கிற அவோமோரிக்காரர் வீடுவீடாகப் போய் இவற்றைச் சேகரித்தார். அவர் சேர்த்த சுகாரு, நன்பு தையல் உடைகளில் 786-ஐ 1983-இல் நாட்டின் முக்கியமான மக்கள் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தது. அவருடைய போரோக்களை வைத்து அசாகுசாவில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 2019-இல் மூடிவிட்டார்கள், நான் இங்கே வருவதற்கு முன்பே.

இதைத் தெரிந்துகொண்டபின் கடைகளில் புதுத் துணியைத் தாமே கிழித்து, அதில் வெள்ளை நூல் ஓட்டி, மூன்று மடங்கு விலை போட்டுத் தொங்கவிடுவதைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. அம்மாவின் கூச்சம் அதைவிட நேர்மையானது. ஒட்டுப்போட்டு உடுத்தியவர்கள் யாரும் அதை ரசித்து உடுத்தவில்லை. ஆனால் தைக்க உட்கார்ந்தவர்கள் வெறுமனே ஓட்டையை அடைத்துவிட்டு எழுந்துகொள்ளவும் இல்லை. கோகினின் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: அவரைக்கொட்டை, குட்டிப் பூ, சுரைக்காய், பூனைக்கண். அடுப்படியையும் தோட்டத்தையும் தாண்டாத பெயர்கள்.

மே மாத விடுமுறையில் சுகாரு பகுதியில் இருக்கும் ஹிரோசாகிக்குப் போனோம். ஷின்-அவோமோரிவரை ஷின்கன்சென் என்கிற அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து சின்ன ரயில். ஒரு காட்சியகத்தில் பழைய கோகின் உடையை நேரில் பார்த்தேன். இடுப்புக்கு மேலேதான் தையல். கீழ்ப்பகுதி சராய்க்குள் போய்விடும், அங்கே யார் நூலைச் செலவழிப்பது? மலையிறங்கிச் சுமை தூக்குகிறவர்களின் உடையில் தோளில் மட்டும் தனியாகக் கோடு கோடாக அடர்த்தி. இந்தப் பக்கத்துக்கு 1891-இல் டோக்கியோவிலிருந்து ரயில் வந்தது. மலிவான பருத்தியும் கூடவே வந்தது. கோகின் தைக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. பிறகு 1930-களில் யானாகி ஸோஎத்ஸு போன்ற நாட்டுக் கைவினை ஆர்வலர்கள் எழுதி எழுதித்தான் திரும்பப் பார்வைக்கு வந்தது.

ஊர் திரும்பி நானும் கோகின் முயன்றேன். ஆறாவது வரியில் ஒரு இழை தப்பு. இருபதாவது வரியில்தான் கண்ணில் பட்டது. சாஷிகோவில் ஒரு தையல் பிசகினால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு இழை பிசகினால் அதற்கு மேல் எல்லாமே பக்கவாட்டில் நகர்ந்துபோகும். தாத்தா தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நிறுத்திவிட்டு, குனிந்து, முனை தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுவார். சின்ன வயதில் அந்த நேரம் எனக்கு எரிச்சலாக இருக்கும், கடைக்குக் கூட்டிப்போகத் தாமதமாகிறதே என்று. பதினைந்து வரியையும் பிரித்தேன். பிரிக்கும்போது நூலை முன்பக்கமிருந்து இழுக்காதீர்கள், துணி நகர்ந்துகொள்ளும். ஊசிக் காதால் பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். பிரித்த நூல் பஞ்சடித்துப் போயிருக்கும், மறுபடி பயன்படாது. தினமும் ஐந்து வரி தைத்ததும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

பிப்ரவரி 8 அன்று வகுப்புத் தோழிகள் அசாகுசாவில் சென்ஸோஜி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். உடைந்த, வளைந்த ஊசிகளை வழியனுப்பும் நாள். அவாஷிமா சன்னதியில் பெரிய தோஃபு, அதாவது சோயாக் கட்டி வைத்திருந்தார்கள். வருஷம் முழுதும் கடினத் துணியில் குத்தி உழைத்த ஊசி கடைசியாக மெத்தென்ற இடத்தில் இளைப்பாறட்டும் என்று ஆளுக்கு ஒன்றாக அதில் குத்திவிட்டு வணங்கினோம். சரஸ்வதி பூஜையன்று தறிக்குச் சந்தனம் வைத்தது நினைவு வந்தது. நான் குத்திய ஊசி ஜீன்ஸில் வளைந்தது. இரண்டாம் முறை ஒட்டில்.

மார்ச் மாதம் பள்ளி ஆண்டு முடியும்போது பையன் எல்லாச் சாமானையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் பையில் இரண்டு ஸோகினும் சாம்பல் நிறத்தில் இருந்தன. நான் முதலில் தைத்ததில் கறுப்பு நூல் ஏழெட்டு இடத்தில் அறுந்து, முனைகள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் கீழ்வீட்டு அம்மா தைத்த பாதியில் துவாலை நைந்து உள்மடிப்பே வெளியே தெரிந்தது. தையல் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் எங்கே நிறுத்தினார், நான் எங்கே தொடங்கினேன் என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டையும் வெந்நீரில் ஊறப்போட்டேன். இரண்டாம் வகுப்புக்கான பட்டியல் ஏற்கெனவே வந்துவிட்டது. ‘ஸோகின் – 2’.